ஆட்டோமேட்டிக் கியர் நச்சென்று விழ: வீட்டிலேயே வால்வ் பாடியில் கை வைக்கலாமா?

கரிப்புகை:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் ஜிஎம்மின் 4எல்60இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போட்ட பழைய பிக்கப் ஒன்று இருக்கிறது. ஓட்டத்தில் பெரிய குறை இல்லை. ஆனால் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது இழுத்துக்கொண்டே போகிறது. ஆர்பிஎம் முள் சாவகாசமாக இறங்குகிறது, அது இறங்கி முடித்த பிறகுதான் வண்டிக்கு உயிர் வருகிறது. சுமை ஏற்றினால் இன்னும் மோசம். கியர் நச்சென்று விழ வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

ஷிஃப்ட் கிட் (ஷிஃப்டை இறுக்க மாற்றிப் போடும் பாகங்களின் தொகுப்பு) வாங்கிப் போடலாமா, இல்லை வால்வ் பாடியின், அதாவது ஆயிலை அந்தந்த கியருக்குத் திருப்பிவிடும் பகுதியின், செப்பரேட்டர் பிளேட்டில் இருக்கும் துளைகளை நானே டிரில் வைத்துப் பெரிதாக்கிவிடலாமா? கருவிகள் இருக்கின்றன. கியர்பாக்ஸை இறக்காமலே செய்யலாம் என்று கேள்விப்பட்டேன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம்கியர்:
இறக்காமல் செய்யலாம். அண்ணாந்து படுத்துக்கொண்டு, முழங்கை வழியாக ஆயில் அக்குள் வரை வழிய வழியச் செய்யலாம். பழைய சட்டை அவசியம்.

ஆயில்கறை:
டிரில்லை எடுப்பதற்கு முன் நாலு விஷயம் சொல்லுங்கள் தம்பி. ஆயில் என்ன நிறம், தீய்ந்த வாடை அடிக்கிறதா? ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்து மூன்றுக்குப் போகும்போது ஆர்பிஎம் சட்டென்று மேலே எகிறிவிட்டு இறங்குகிறதா? செக் எஞ்சின் விளக்கு எரிகிறதா? லைன் பிரஷர் (பம்ப் தரும் முதன்மை ஆயில் அழுத்தம்) அளந்தீர்களா?

இதை எல்லோரிடமும் கேட்பேன். கியர் மெதுவாக விழுவது வேறு, கிளட்ச் வழுக்குவது வேறு. ஓட்டுகிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். தேய்ந்த கிளட்சுக்கு ஷிஃப்ட் கிட் மருந்து இல்லை. கொஞ்ச நாள் நன்றாக இருப்பது போலக் காட்டிவிட்டு அப்புறம் கையை விரித்துவிடும்.

கரிப்புகை:
ஆயில் சிவப்பு கலந்த பழுப்பு, தீய்ந்த வாடை இல்லை அண்ணே. மூன்றுக்குப் போகும்போது எகிறுவதில்லை. விளக்கும் எரியவில்லை. பிரஷர் அளக்கவில்லை. எங்கே அளப்பது?

ஆயில்கறை:
கேசின் இடப்பக்கம், ஷிஃப்ட் லிவர் வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பிளக் இருக்கும். கால் அங்குலக் குழாய் அளவு இல்லை, அதைவிடச் சின்னது, எட்டில் ஒரு பங்கு அங்குலக் குழாய்த் திருகு. அதில் 300 பிஎஸ்ஐ வரை காட்டும் கேஜ் ஒன்றை நீள ஹோஸுடன் மாட்டி, கேஜை உள்ளே சீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஹோஸ் எக்ஸாஸ்டில் உரசக் கூடாது. சூடான நிலையில், ஐடிலில் 60 பிஎஸ்ஐ அருகில் நிற்க வேண்டும். மிதிக்க மிதிக்கத் தயங்காமல் ஏற வேண்டும். ரிவர்ஸில் அதைவிட அதிகமாகக் காட்டும், அது சரிதான்.

ஐடிலிலேயே முள் ஆடினாலோ, மிதித்தும் ஏற மறுத்தாலோ, பம்ப், பிரஷர் ரெகுலேட்டர், அடைத்த ஃபில்டர் ஆகியவற்றில் ஒன்றைத் தேட வேண்டும். அங்கே ஓட்டை இருக்க, இங்கே பிளேட்டில் துளை போட்டு என்ன பயன்?

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தப் பெட்டியில் இரண்டாம் கியரைப் பிடிப்பது 2-4 பேண்ட், அதாவது டிரம் என்ற உருளையைச் சுற்றி இறுகும் பட்டை. அந்தப் பேண்டை இறுக்குவது சர்வோ பிஸ்டன். அந்த சர்வோவுக்கு ஆயில் போகும் வழியில் செப்பரேட்டர் பிளேட்டில் ஒரு துளை இருக்கிறது. ஆயில் எவ்வளவு வேகமாக நிரம்பலாம் என்பதை அந்தத் துளை தீர்மானிக்கிறது. அதே வழியில் இன்னொரு பக்கம் 1-2 அக்குமுலேட்டர் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங் வைத்த ஒரு பிஸ்டன். பேண்ட் டிரம்மைத் தொட்டுப் பிடிக்க ஆரம்பிக்கும் அந்தக் கணத்தில் இந்தப் பிஸ்டன் பின்வாங்கி ஆயிலைக் கொஞ்சம் தன் பக்கம் வாங்கிக்கொள்ளும். அதனால் பேண்டின் மேல் அழுத்தம் ஒரே அடியாக ஏறாமல் சரிவாக ஏறும். பிஸ்டன் அடிவரை போய் முட்டியதும் முழு அழுத்தமும் பேண்டுக்கு. அந்தச் சரிவு எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் பேண்ட் வழுக்கிக்கொண்டே பிடிக்கும். நீங்கள் உணரும் இழுவை அதுதான்.

ஆகவே இறுக்க இரண்டு வழி. மொத்த லைன் பிரஷரையே ஏற்றுவது ஒன்று. பிரஷரைத் தொடாமல், நிரம்பும் வேகத்தையும் அக்குமுலேட்டரின் சரிவையும் மாற்றுவது இன்னொன்று. முதலாவது எல்லா கியரையும், எல்லா நேரத்திலும் பாதிக்கும், பம்புக்கும் சுமை. இரண்டாவது நீங்கள் கைவைத்த கியரை மட்டும் பாதிக்கும். டிரான்ஸ்கோ போன்றவர்களின் கிட்டில் இரண்டும் கலந்து வரும். என்னைக் கேட்டால், பிரஷர் சரியாக இருக்கும் பெட்டியில் இரண்டாம் வழியே போதும்.

மெதுவண்டி:
எல்லோரும் கைவைக்கும் வழியைத்தான் சொல்கிறீர்கள். நான் எதிர்க்கட்சி. தொழிற்சாலைக்காரன் அதை மென்மையாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. 4எல்60இயில் ரியாக்‌ஷன் சன் ஷெல் என்று ஒரு உருளை இருக்கிறது. பேண்ட் டிரம்மைப் பிடித்து நிறுத்தும்போது அந்த அடி முழுக்க ஷெல்லின் ஸ்ப்ளைன் பற்கள் வழியாகத்தான் போகிறது. பற்கள் வழித்துக்கொண்டு போனால் இரண்டும் இல்லை, நாலும் இல்லை, ரிவர்ஸும் இல்லை. ஒன்றிலும் மூன்றிலும் முன்னால் மட்டும் போகலாம். இந்தப் பெட்டியின் பெயர்பெற்ற பலவீனம் இது. நச் நச்சென்று விழவைத்தால் அந்தப் பற்களுக்கு என்ன ஆகும்?

ஆயில்கறை:
ஷெல் விஷயம் உண்மை, மறுக்கவில்லை. கடினப்படுத்திய ஷெல் தனியாகக் கிடைக்கிறது, ஆனால் அதற்குப் பெட்டியை இறக்கிப் பிரிக்க வேண்டும். இன்னொரு பக்கமும் இருக்கிறது: நீளமாக வழுக்கினால் பேண்டும் கிளட்ச் பிளேட்டுகளும் கருகும், அந்தத் தூள்தான் ஆயிலைக் கெடுக்கும்.

கணக்குப்புலி:
இரண்டு பேர் சொல்வதும் சரி என்பதால் எண்ணை வைத்துப் பார்ப்போம். எளிமைப்படுத்திய கணக்கு; கிரக கியரின் விகிதங்களையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

உள்ளே வரும் டார்க் 300 நியூட்டன் மீட்டர், ஷிஃப்டில் எஞ்சின் 1500 ஆர்பிஎம் இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நொடிக்கு 157 ரேடியன். ஷிஃப்ட் 0.6 நொடி எடுத்தால், வழுக்கலில் எஞ்சின் டார்க்கால் மட்டும் பிறக்கும் வெப்பம் சுமார் 14 கிலோஜூல். 0.3 நொடியாக்கினால் 7. 0.1 நொடியாக்கினால் 2.4.

ஆனால் எஞ்சினும் கன்வர்ட்டரும் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் பகுதி) சுழன்றுகொண்டிருக்கும் எடை. அவற்றை வேகம் குறைக்கும் ஆற்றலும் கிளட்சில்தான் போய் விழும். சுழல் நிலைமம் 0.3 கிலோகிராம் சதுர மீட்டர் என்று எடுத்தால் அது 3.7 கிலோஜூல். ஷிஃப்ட் வேகமாக இருந்தாலும் மெதுவாக இருந்தாலும் இந்த 3.7 குறையாது. ஆக மொத்தம்: 0.6 நொடிக்கு 17.8, 0.3 நொடிக்கு 10.8, 0.1 நொடிக்கு 6.1.

இனி ஷெல்லின் கணக்கு. அந்த எடையை நிறுத்தத் தேவைப்படும் கூடுதல் டார்க், 0.6 நொடியில் 78 நியூட்டன் மீட்டர். 0.3 நொடியில் 157. 0.1 நொடியில் 471. எஞ்சின் தரும் 300க்கு மேல் இது. அந்தக் கடைசி எண்ணைத்தான் ஸ்ப்ளைன் பற்கள், டிரைவ் ஷாஃப்ட், யூ ஜாயின்ட், மவுண்ட் எல்லாம் சேர்ந்து தாங்க வேண்டும்.

பாருங்கள்: 0.6இலிருந்து 0.3க்கு வந்தால் 7 கிலோஜூல் மிச்சம், கூடுதல் அடி 79. அங்கிருந்து 0.1க்குப் போனால் 4.7 கிலோஜூல்தான் மிச்சம், கூடுதல் அடி 314. முதல் பாதி லாபம், இரண்டாம் பாதி நஷ்டம்.

மெதுவண்டி:
இப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். என் எதிர்ப்பு அந்த இரண்டாம் பாதிக்குத்தான். பந்தயத்துக்குப் போகாத வண்டியில் கழுத்து வெடுக்கென்று பின்னால் போகிற மாதிரி ஷிஃப்ட் வைத்துக்கொண்டு திரிகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்றாம்கியர்:
அக்குமுலேட்டர் பிஸ்டனையே நகராமல் கட்டை கொடுத்து நிறுத்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் உங்களுக்கு என்ன ஆகுமோ.

சோலினாய்டு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 4எல்60இ 1993இல் வந்ததே கணினி ஆள்வதற்காக. இதன் அழுத்தத்தைப் பிரஷர் கண்ட்ரோல் சோலினாய்டு என்ற மின்சார வால்வ் பார்த்துக்கொள்கிறது. அதில் மின்னோட்டம் கூடினால் அழுத்தம் குறையும், மின்னோட்டமே இல்லையென்றால் முழு அழுத்தம். கனெக்டர் கழன்றுபோனால் வண்டி மூன்றாம் கியரில் முழு அழுத்தத்தோடு நிற்பது அதனால்தான். எது போனாலும் கிளட்ச் வழுக்கக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு, சோலினாய்டு ஒயரில் ரெசிஸ்டர் ஒன்றைக் கோத்துவிட்டால் போதும் என்று ஒரு குறுக்குவழி சுற்றிக்கொண்டிருக்கிறது. வேண்டாம். கணினிக்குத் தெரியாமல் எல்லா நிலையிலும் அழுத்தத்தை ஏற்றும் வேலை அது. மெல்ல மிதித்து ஊர்ந்து போகும்போதும் உதைக்கும். கணினி மின்னோட்டம் சரியில்லை என்று கண்டுபிடித்துக் கோளாறு கோடும் போட்டுவிடும்.

மென்பொருள் வழி என்றால் எச்பி டியூனர்ஸ் போன்ற கருவியால் அழுத்த அட்டவணையையும், எதிர்பார்க்கும் ஷிஃப்ட் நேரத்தையும் மாற்றலாம். அதிக டார்க்கில் மட்டும் ஏற்றி, சாதாரண ஓட்டத்தை அப்படியே விட்டுவிடலாம். பிடிக்காவிட்டால் பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றினால் சரியாகிவிடும். துளை போட்ட பிளேட்டை அப்படி மாற்ற முடியாது.

இன்னொன்று. கணினி ஒவ்வொரு ஷிஃப்டும் எவ்வளவு நேரம் எடுத்தது என்று பார்த்து, தான் நினைத்ததிலிருந்து விலகினால் அழுத்தத்தைத் திருத்திக்கொள்ளும். வால்வ் பாடியில் மாற்றம் செய்தபின் அந்தப் பழைய கற்றலை அழித்துவிட்டு ஓட்டுங்கள். அழிக்காமல், முதல் ஓட்டத்திலேயே கிட் சரியில்லை என்று முடிவுக்கு வராதீர்கள்.

துருப்பிடித்தான்:
என்னுடையது 700ஆர்4, இந்தப் பெட்டிக்கு அண்ணன். அதில் கணினி கிடையாது, டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிள்தான். இந்தக் கேபிளைக் கொஞ்சம் இழுத்து வைத்தால் ஷிஃப்ட் இறுகும் என்று பலர் சொல்கிறார்கள். செய்யலாமா?

ஆயில்கறை:
டிவி கேபிள் ஷிஃப்டை இறுக்கும் திருகு இல்லை. ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிபட்டது என்று பெட்டிக்குச் சொல்லும் ஒரே ஆள் அது. தளர்வாக இருந்தால் அழுத்தம் போதாமல் 3-4 கிளட்ச் சீக்கிரம் கருகும். ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தும்போது கேபிளும் முழு நீளத்துக்கு வர வேண்டும், அந்த அளவில் செட் செய்துவிட்டு மறந்துவிடுங்கள். கார்புரேட்டர் மாற்றினீர்களானால் லிவரின் வடிவமும் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் முழு மிதியில் சரியாகவும் பாதி மிதியில் தப்பாகவும் இருக்கும்.

நீலவண்டி:
ஃபோர்டு 4ஆர்70டபிள்யூ வைத்திருப்பவர்களுக்கு ஜே-மாட் என்ற வால்வ் பாடி மாற்றமுறை இருக்கிறது. ஃபோர்டில் இந்தப் பெட்டியோடு வேலை பார்த்த பொறியாளர் ஒருவர் வெளியிட்டது. எந்தத் துளை எந்த அளவு, எந்த அக்குமுலேட்டர் ஸ்பிரிங் இருக்க வேண்டும், எது வேண்டாம் என்று தெளிவாக இருக்கும். மிதமான அளவு, கொஞ்சம் கூடுதல் என்று தேர்ந்துகொள்ளவும் இடம் உண்டு. பிளேட், கேஸ்கெட், டிரில் பிட், மெர்கான் 5 ஆயில், அவ்வளவுதான். நான் செய்துகொண்டேன். மிதித்தால் உறுதியாக விழும், மெல்லப் போனால் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை.

புதுச்சாவி:
எனக்கு இசட்எஃப் 8 ஸ்பீடு. இதே வேலையை அதில் செய்யலாமா?

சோலினாய்டு:
வேண்டாம். வால்வ் பாடியும் கணினியும் சேர்ந்து ஒரே மெகாட்ரானிக் பெட்டியாக ஆயிலுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மென்பொருள் வழி மட்டும்தான்.

வேகப்பிரியன்:
இவ்வளவு எதற்கு? டைப் எஃப் ஆயில் ஊற்றினால் தானாக நச்சென்று விழுமே. அந்தக் காலத்து ஆட்கள் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள்.

ஆயில்கறை:
அந்தக் காலத்துப் பெட்டியில் செய்தார்கள். டைப் எஃப் ஆயிலில் உராய்வை மென்மையாக்கும் கலவை கிடையாது, அதனால் பிளேட் வெடுக்கென்று கவ்வும். லாக்-அப் கன்வர்ட்டர் (உள்ளே ஒரு கிளட்ச் நேரடியாகப் பூட்டும் வகை) இருக்கும் பெட்டியில் ஊற்றினால் கன்வர்ட்டர் பிடிக்கும்போது வண்டி நடுங்கும். இங்கே டெக்ஸ்ரான் ஆயில்தான்.

கரிப்புகை:
கேஜ் மாட்டினேன். சூட்டில் ஐடில் 62, மிதித்தால் நன்றாக ஏறுகிறது. அப்படியென்றால் அண்ணன் சொன்ன இரண்டாம் வழி. வேலையை எந்த வரிசையில் செய்வது?

ஆயில்கறை:
நல்லது, பம்ப் பிழைத்தது. பிளேட்டுக்கு இப்போதே போகாதீர்கள். வெளியிலிருந்து உள்ளே போங்கள்.

முதலில் சர்வோ. கேசின் வலப்பக்கம், வட்ட மூடி, ஸ்நாப் ரிங் பிடித்திருக்கும். ஆயில் பானை (கியர்பாக்ஸின் அடித்தட்டு) கழற்ற வேண்டியதில்லை, எக்ஸாஸ்ட் மட்டும் இடைஞ்சல் செய்யும். கார்வெட் சர்வோ என்று கேட்டால் கொடுப்பார்கள். இரண்டாம் கியர் பிஸ்டனின் விட்டம் பெரிது, ஆகவே அதே அழுத்தத்தில் பேண்டைப் பிடிக்கும் விசை அதிகம். பழைய பின்னையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நீளம் ஒப்பிடுங்கள். நீளம் மாறினால் பேண்ட் எப்போதும் உரசும் அல்லது பிடிக்கவே பிடிக்காது.

அடுத்து ஆயில் பானை இறக்குங்கள். வண்டியை நாலு ஸ்டாண்டில் மட்டமாக நிறுத்தி, உலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் அடியில் போக வேண்டும். ஆயில் ஆறட்டும். பானில் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் வழக்கமான தேய்மானம். மினுமினுக்கும் சிம்பு, கறுப்புத் துகள் குவியல் இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு இங்கே வந்து சொல்லுங்கள்.

வால்வ் பாடியைக் கழற்றாமலே 1-2 அக்குமுலேட்டர் மூடியைக் கழற்றலாம், மூன்று போல்ட்தான். உள்ளே இருக்கும் பிஸ்டன், சீல், ஸ்பிரிங்கை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். சீல் கசிந்தால் சர்வோவுக்குப் போக வேண்டிய ஆயில் அங்கேயே ஒழுகிவிடும், ஷிஃப்ட் இழுக்கும்.

இதற்கு மேலும் போதவில்லை என்றால்தான் வால்வ் பாடி. இறக்கும்போது மட்டமாகக் கொண்டுவாருங்கள், செக் பால்கள் (ஆயிலை ஒரு பக்கமாக விடும் சின்னக் குண்டுகள்) உதிரும். எந்தப் பள்ளத்தில் எது இருந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கை மாறும். கேசின் பக்கத்திலும் ஒன்று இருக்கலாம். திரும்ப ஏற்றும்போது அவற்றை வாசலினால் ஒட்டவைக்க வேண்டும். அது சூட்டில் ஆயிலோடு கரைந்துவிடும். வீல் பேரிங் கிரீஸ் கரையாது, துளையை அடைக்கும். பிளேட்டில் செக் பால் அடித்து அடித்துத் துளையின் ஓரம் குழிந்திருந்தால் அந்தப் பிளேட்டைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள், டிரில் செய்வதாக இருந்தாலும்.

டிரில் செய்தால், துளையின் விட்டம் கொஞ்சம் கூடினாலும் பரப்பு நிறையக் கூடும். 1.6 மில்லிமீட்டரை 2 ஆக்கினால் 56 சதவீதம் கூடுதல் ஆயில் வழி. 2.4 ஆக்கினால் இரண்டேகால் மடங்கு. கிட்டின் தாளில் சொன்ன அளவுக்கு மேல் ஒரு நூல் போகாதீர்கள். பிசிறை இரண்டு பக்கமும் சுத்தமாக எடுங்கள். விரல் நகத்தால் தடவினால் தட்டக் கூடாது. ஒரு பிசிறு ஒரு வால்வை சிக்கவைக்கப் போதும்.

போல்ட்டெல்லாம் 11 நியூட்டன் மீட்டர்தான், நடுவிலிருந்து வெளிப்பக்கம் சுற்றிச் சுற்றி இறுக்க வேண்டும். சின்ன டார்க் ரெஞ்ச் இல்லாமல் தொடாதீர்கள். கை உணர்வில் இறுக்கினால் அலுமினியம் வளையும், ஒரு வழியின் ஆயில் இன்னொரு வழிக்குக் கசியும். அந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பதற்குள் தலைமுடி கொட்டிவிடும்.

பானைக் கழற்றி மாட்டினால் ஏறக்குறைய 4.7 லிட்டர் ஆயில் திரும்ப ஊற்ற வேண்டியிருக்கும். கொஞ்சம் குறைவாக ஊற்றி, ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி எல்லா கியரையும் தொட்டுவந்து, சூடான பிறகு அளவுக்கோலைப் பார்த்து நிரப்புங்கள்.

கணக்குப்புலி:
ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்வோ, ஸ்பிரிங், துளை, மென்பொருள் நான்கையும் ஒரே மூச்சில் மாற்றினால், கெட்டுப்போனால் எதைக் குறை சொல்வீர்கள்?

கரிப்புகை:
பானைக் கழற்றியாயிற்று. காந்தத்தில் சாம்பல் பசை மட்டும்தான், சிம்பு எதுவும் இல்லை. ஆனால் 1-2 அக்குமுலேட்டரில் விஷயம் இருந்தது. சீலின் ஓரம் தேய்ந்து தட்டையாகிவிட்டது. பிஸ்டனில் மயிரிழை போல ஒரு கீறல், பின்னுக்குப் பக்கத்திலிருந்து ஓரம்வரை. விரலால் அழுத்தினால் கீறல் திறந்து மூடுகிறது. புதிய அலுமினிய பிஸ்டனும் ஸ்பிரிங்கும் போட்டேன். சர்வோவை இன்னும் மாற்றவில்லை, துளையும் போடவில்லை. கற்றலை அழித்துவிட்டு ஓட்டினேன்.

இழுவை போய்விட்டது. சுமையோடு மேட்டில் ஏறினாலும் இரண்டாம் கியர் சொன்னவுடன் வருகிறது. உதைக்கவில்லை.

மெதுவண்டி:
டிரில்லுக்கு வேலையே இல்லாமல் முடிந்தது. இன்று நிம்மதியாகத் தூங்குவேன்.

கரிப்புகை:
ஆனால் இப்போது இரண்டிலிருந்து மூன்றுக்குப் போவது அதோடு ஒப்பிட்டால் மெத்தென்று தெரிகிறது. அந்த ஒரு துளையை மட்டும் பெரிதாக்கலாமா?

ஆயில்கறை:
இருக்கிறதிலேயே ஜாக்கிரதையாகத் தொட வேண்டிய துளை அது. மூன்றுக்குப் போகும்போது 3-4 கிளட்ச் பிடிக்க வேண்டும், அதே சமயம் 2-4 பேண்ட் விட வேண்டும். பேண்டை விடவைக்கும் ஆயிலும் அதே மூன்றாம் கியர் வழியிலிருந்துதான் சர்வோவின் மறுபக்கத்துக்குப் போகிறது. பேண்ட் விடுவதற்கு முன் கிளட்ச் பிடித்தால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வண்டி பிரேக் போட்ட மாதிரி முட்டும். கிளட்ச் பிடிப்பதற்கு முன் பேண்ட் விட்டுவிட்டால் ஆர்பிஎம் எகிறும். ஒரு வழியின் துளையை மட்டும் மாற்றினால் இந்தக் கைமாற்றம் குலையும். அதைக் கிட்டின் அளவுகளோடு, சேர்ந்து வரும் ஸ்பிரிங்குகளோடு செய்ய வேண்டும், தனியாகச் செய்யக் கூடாது.

மிதித்து ஓட்டும்போது மூன்றுக்குப் போகையில் ஆர்பிஎம் எகிறவில்லை என்று நீங்களே சொன்னீர்கள். அப்படியானால் உங்கள் 3-4 கிளட்ச் ஆரோக்கியமாக இருக்கிறது. அது மெத்தென்று விழுவதால் என்ன தொல்லை?

கரிப்புகை:
தொல்லை ஒன்றும் இல்லை அண்ணே. இரண்டாவது நன்றாக விழுகிறதே, இதுவும் விழட்டுமே என்றுதான்.

சோலினாய்டு:
அப்படியென்றால் டியூனர் கேபிளை மாட்டி, அதிக டார்க்கில் மட்டும் 2-3 ஷிஃப்டின் அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். முதலில் பழைய ஃபைலைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம்கியர்:
ஃபைல் அனுப்பினால் நானும் பார்க்கிறேன். இந்த வேலைக்கு முழங்கையில் ஆயில் ஆகாது.